எட்டுக் காலும் வேலையில்

காட்டு அருங்காட்சியகத்தில் சிலந்தி ஒரு புதுக் கூடம் அமைத்தது. வருகிறவர்கள் வலையின் நூலைத் தட்டினால் இசை எழும். அந்த அதிர்வில் பனித்துளிகள் ஓடிக் கூடிப் படமாகும். பலர் சேர்ந்து தட்டினால் படம் பெரிதாகும். யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று, ஒட்டாத நூலாகப் பார்த்துப் பார்த்துப் பின்னியிருந்தது. அப்படி ஒரு நேர்த்தியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

முதல் ஆளாக ஓர் ஈ வந்து ஒரு நூலைத் தட்டியது. தட்டியதுதான் தாமதம், சிலந்தி பாய்ந்து வந்து எதிரே நின்றது. ஈ அலறிக்கொண்டு பறந்துவிட்டது.

"நூல் அசைஞ்சா கால் தானா ஓடி வந்துடுது. பிறவிக் குணம்," என்றது சிலந்தி வெட்கத்தோடு.

"வெயில் ஏறுறதுக்குள்ள யாரும் வாசிக்கலைன்னா கூடத்தைப் பிரிச்சிடுவேன்," என்றது கண்காணிப்பாளர் வண்டு.

சிலந்தி வலையை நடுவில் அறுத்தது. தொங்கிய எட்டு நுனிகளையும் தன் எட்டுக் கால்களில் கட்டி, இழுத்துப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தது. இனி ஒரு காலை எடுத்தாலும் வலை தொய்ந்துவிடும், சத்தமே வராது.

தூரத்தில் இதைக் கவனித்துக்கொண்டிருந்த ஈ தயங்கித் தயங்கித் திரும்பி வந்து தட்டியது. சிலந்தியின் கால் துடித்தது, ஆனால் நகரவில்லை. அதைப் பார்த்த ஒரு பட்டாம்பூச்சியும் மறுபக்கம் வந்து தட்டியது. இரண்டு இசையும் கலக்க, பனித்துளிகள் ஓடி ஒரு யானையாகித் தும்பிக்கையைத் தூக்கின.

ஈ சிரித்தேவிட்டது. பிறகு மெல்லக் கேட்டது: "அக்கா, இப்ப உங்களுக்குப் பசிக்கலையா?"

"ரொம்பப் பசிக்குது," என்றது சிலந்தி. "நீ வாசி."