மாடி ஜாயின்ட்

எதிர்வீட்டு நிர்மலாவுக்கு இழுத்த கேபிள் வயர் நீளம் போதவில்லை. கோமளாவின் கணவன் இப்போது குடியிருப்பது அந்த வீட்டில்தான். “உங்க மாடியில வச்சு ஒரு ஜாயின்ட் போட்டுக்கவாக்கா?” என்று கேபிள்காரர் தயங்கித்தான் கேட்டார். “தாராளமா போடுங்க” என்றாள் கோமளா. இரண்டு வயர்களையும் அவர் கனெக்டரில் திருகுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டாள்.

அதன்பிறகு கிரிக்கெட் நடக்கும் நாளிலெல்லாம் மாடியேறி அதைக் கழற்றிவிட்டாள். “காத்துக்குக் கழண்டுக்குதுபோல” என்று கேபிள்காரரும் வந்து வந்து திருகினார்.

இறுதிப் போட்டியன்று அவர் போனை எடுக்கவில்லை. கணவனே வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் மாடியேறி, குனிந்து உட்கார்ந்து வயரைச் சேர்த்தான்.

“படம் வந்துருச்சு, இறங்கி வாங்க!” என்று எதிர்வீட்டிலிருந்து நிர்மலா கத்தினாள்.

கோமளா படிப்பக்கம் வந்து மாடிக்கதவைச் சாத்தினாள். பூட்டுக்குக் காலையிலேயே எண்ணெய் விட்டு வைத்திருந்தாள்.