ஆளுக்கொரு கரை

உள்ளான் குருவிகளில் பெண்கள் பனிக்காலத்தில் கடல் தாண்டிப் போவார்கள். ஆண்கள் பக்கத்து உப்பளத்திலேயே தங்கிவிடுவார்கள். மாரன் மட்டும் இந்த முறை மனைவி செம்பியுடன் கிளம்பினான். கரை மறைவதற்குள் இறக்கை சோர்ந்து அலைமேல் விழப்போனான். செம்பி பதறிப்போய் அவனைத் திருப்பிக் கூட்டிவந்தாள்.

“உயிரே போயிருக்குமே! எதுக்கு வந்தீங்க?”

“அங்கே நீ தனியா இருப்பியேன்னுதான்.”

“தனியாவா? தங்கச்சிங்களோட பேசிப் பேசியே பொழுது போயிடும். நீங்கதான் தனியா வாடுவீங்களேன்னு வருஷா வருஷம் அவசரமா திரும்பி வர்றேன்.”

மாரன் தயங்கினான். “உண்மையைச் சொன்னா, எனக்கும் கூட்டாளிங்களோட சேறு கிளறுறதுதான் சந்தோஷம்.”

இருவருக்கும் மனசு லேசானது. செம்பி நிம்மதியாகப் பறந்து போனாள்.

பனிக்காலம் முடிந்து அவள் திரும்பியபோது மாரன் கொழுகொழுவென்று இருந்தான். அவளும்தான்.