வட்டி நாள் அழைப்பு

வட்டி வரும் நாளில், கடன் வாங்கிய நாட்டிலிருந்து ஒரு குடும்பம் திரையில் வந்து முதலீட்டாளருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது விதி. சிதம்பரநாதனுக்கு அது ஒரு தொல்லை. "சேமிப்புல ஒரு பங்கு வளரும் நாட்டுப் பத்திரத்துல இருக்கட்டும் சார், வட்டி ஜாஸ்தி" என்று வங்கியில் சொன்னார்கள், போட்டார். அந்தக் கடனை வாங்கிய சலோமா என்ற தீவு எங்கே இருக்கிறது என்றுகூட அவர் பார்த்ததில்லை.

இந்த முறை அழைப்பு காலைப் பலகார நேரத்தில் வந்தது. திரையில் ஒரு பெண், இடுப்பில் குழந்தை. எழுதிக் கொடுத்த நன்றியை ஒப்பித்தாள். மொழிபெயர்ப்புக் கருவி அதைத் தமிழில் சொன்னது. வழக்கமாக அத்தோடு முடிந்துவிடும். ஆனால் தோசை வார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி கோமளா எட்டிப் பார்த்து, யாரைக் கண்டாலும் கேட்பதுபோல, "சாப்டாச்சாம்மா?" என்று கேட்டுவிட்டாள்.

நம் ஊரில் என்றால் "ஆச்சு" என்று பதில் வரும். அந்தப் பெண்ணுக்கு அந்த வழக்கம் தெரியாது.

"இல்லம்மா. எங்க நாடு வட்டி கட்டுற வாரம்ல, தெருவுக்குத் தெரு முறை வச்சுத்தான் அடுப்பு எரியும். இன்னிக்கு எங்க முறை இல்ல." அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை, இன்று என்ன கிழமை என்று சொல்வதுபோலச் சொன்னாள். "நீங்க சாப்டீங்களா?"

கல்லில் தோசை தீய்ந்துகொண்டிருந்தது. சிதம்பரநாதன் தட்டை மெல்ல மடிக்கு இறக்கினார்.

"இன்னும் இல்லம்மா" என்றார்.

அவள் முகம் வாடிவிட்டது. "அச்சச்சோ, உங்க தெருவுக்கும் இன்னிக்கு முறை இல்லையா?"