ஒழுகாத டின்

“லத்தீபா வீட்டு வேலியோரமா வந்தேன். கோலிக்குண்டா இருந்ததெல்லாம் முட்டை சைசுக்கு வந்துருச்சு” என்றார் ஜெகநாதன், ஆபீஸ் சட்டையைக் கழற்றிக்கொண்டே.

எது முட்டை சைசுக்கு வந்தது என்று அவர் மனைவி விசாலாட்சி கேட்கவில்லை. பத்து நாளாகப் பக்கத்து வீட்டுத் தக்காளியைத் தவிர வேறெதற்கும் அவர் வாய் பிளக்கவில்லை.

“நம்ம செடியையும் ஒரு எட்டு பாத்துட்டு வர்றது.”

“பாத்தேன். பாத்துட்டுத்தான் மனசு கேக்காம அங்க போனேன்.”

விசாலாட்சி சொம்பைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

“நாளைக்கு ஞாயித்துக்கிழமை” என்று ஞாபகப்படுத்தினார் அவர். “பெரிய சாகிப் சாப்பிட வர்றார். ‘ஜெகநாதன் கர் கா டமாட்டர் ரசம்’னு, ஜெகநாதன் வீட்டுத் தக்காளி ரசமாம், ஒரு வாரமா ஆபீஸ் பூரா சொல்லிக்கிட்டுத் திரியறார். வீட்டுத் தோட்டத்துத் தக்காளின்னு வாக்குக் குடுத்தது நீ. அவர் மேசை மேல என்னைக் கார் நிக்கோபார் தீவுக்குத் தூக்கிப் போடற டிரான்ஸ்பர் பேப்பர் கையெழுத்துக்குக் கிடக்கு.”

போர்ட் பிளேரில் அந்த வருஷங்களில் தக்காளி என்பது லேசான சமாசாரமில்லை. மெட்ராசில் தக்காளியாகக் கப்பலேறுவது இங்கே தொக்காக இறங்கும். தரையில் நட்டாலோ, யுத்தத்தில் வந்த ஜப்பான்காரன் விட்டுப்போன பெரிய நத்தைகள் தண்டைக்கூட மிச்சம் வைக்காது. ஆகவே டின். வாயை வெட்டி, விளிம்பை மடக்கித் தட்டி, மண் நிரப்பி, மரம் அறுக்கும் மில்லின் துண்டுப் பலகையில் அடித்த பெஞ்சின் மேல் வரிசையாக ஏற்றி, நத்தை ஏறாமலிருக்கப் பெஞ்சின் காலுக்கெல்லாம் உப்புத்தண்ணீர்க் கிண்ணம் வைக்க வேண்டும்.

இரண்டு வீட்டிலும் ஒரே நாளில், ஒரே பொட்டல விதைதான். டின்தான் வேறு. ஜெகநாதன் கொண்டுவந்தது ஆபீசுக்குப் பின்னால் மழையில் கிடந்த ஆறு மண்ணெண்ணெய் டின். அடியெல்லாம் துரு தின்ற ஓட்டை. லத்தீபாவின் புருஷன் நூருல்லாவுக்கு அபர்தீன் பஜாரில் மளிகைக் கடை. அவர் கொண்டுவந்தது தேங்காயெண்ணெய் வந்த ஆறு புது டின். அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

விசாலாட்சி, லத்தீபா இருவருக்கும் சொந்த ஜில்லா ராமநாதபுரம். ஒரு குடம் தண்ணீருக்கு மூன்று மைல் நடந்த கால்கள். ஒரு சொட்டு வீணானாலும் பொறுக்காது. விசாலாட்சி ஊற்றிய தண்ணீர் அடிவழியாக ஓடியது. லத்தீபா ஊற்றியது அப்படியே நின்றது. விசாலாட்சிக்குத் தூக்கம் போனது.

தீபாவளிக்கு ஒரு வாரம் முந்தி லத்தீபா ஒரு நிக்காவுக்காகப் எதிர்க்கரை பாம்பூஃப்ளாட் போக ஃபெரிப் படகு ஏறிய மதியம், விசாலாட்சி சுத்தியலும் ஆணியுமாக வேலி தாண்டினாள். டின்னுக்கு அடியோரமாக நாலு ஓட்டை. எனக்கு ஒழுகினால் உனக்கும் ஒழுகட்டும். இரண்டு வீட்டுக்கும் ஒரே நியாயம்.

தீபாவளிக்கு அவள் புருஷனோடு மாயாபந்தரில் தங்கை வீட்டுக்குப் போனாள். அந்த ஒரு வாரம் அவள் செடிகளுக்குக் காவல் லத்தீபாதான். திரும்பி வந்து பார்த்தால் அதிசயம்: விசாலாட்சியின் டின்னில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. மண்ணே இறுகி ஓட்டையை அடைத்துக்கொண்டது என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள்.

அப்புறம் கார்த்திகை முழுக்க அடைமழை. ஒழுகுகிற டின்னில் லத்தீபாவின் செடி இடுப்பளவு வளர்ந்து பூத்தது. ஒழுகாத டின்னில் விசாலாட்சியின் செடி சேற்றில் நின்று, மஞ்சளாகி, வேர் அழுகிப் படுத்தது. ஒரு டின்னில் தவளை குடியேறியிருந்தது.

“அவதான் ஏதோ பண்ணிட்டா” என்றாள் விசாலாட்சி. “ஒரு வாரம் நம்ம வாசல் அவ கையில இருந்துச்சு. கடல் தண்ணிய அள்ளி ஊத்தியிருப்பா. உள்ளுக்குள்ள பொறாமை.”

“லத்தீபாவுக்கா? உன்மேலயா?”

“ஏன், எனக்கு என்ன குறைச்சல்?”

ஜெகநாதன் சட்டையைக் கொடியில் போட்டபோது வாசலில் வளையல் சத்தம். லத்தீபா முறம் நிறையத் தக்காளியோடு நின்றாள்.

“அக்கா, நாளைக்கு ஆபீசர் சாப்பிட வர்றாகளாமே. அண்ணன் மூஞ்சியே சரியில்லைன்னு எங்க வீட்டுல இவுக கடையிலருந்து வந்து சொன்னாக. இத வச்சுக்கங்க. உங்க வீட்டுத் தக்காளின்னே சொல்லுங்க, யார் பாக்கப் போறா.”

முறத்தை வாங்கிய கை வாங்கியபடி இருக்க, விசாலாட்சியின் வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை.

“லத்தீபா, ஒண்ணு கேப்பேன், மறைக்காமச் சொல்லணும். நான் மாயாபந்தர் போயிருந்தப்ப என் செடியில நீ என்ன பண்ணுன?”

லத்தீபாவின் முகம் வாடியது. முந்தானையைத் திருகினாள்.

“தெரிஞ்சுபோச்சாக்கா?”

விசாலாட்சி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். பேரம் படிந்த வியாபாரியின் பார்வை அது.

“சொன்னா ரோசப்படுவீகன்னுதான் சொல்லலக்கா” என்றாள் லத்தீபா. “நீங்க பாடுபட்டு ஊத்துற தண்ணியெல்லாம் வீணா ஒழுகுதேன்னு எனக்கு மனசே ஆறல. கடையில ஒரு டப்பா தார் இருந்துச்சு. ஒவ்வொரு டின்னா சாய்ச்சு வச்சு, ஓட்டை பூரா நான்தான் அடைச்சேன். எங்க டின்னுலயும் எப்படியோ ஓட்டை விழுந்துதான் கிடந்துச்சு. இருந்த தார் ஆறு டின்னுக்குத்தான் வந்துச்சு, நம்மளது போனாப் போவுது, அக்காவுக்காச்சும் நல்லாக் காய்க்கட்டும்னு அப்படியே விட்டுட்டேன்.”