இட்லிக் குண்டானுக்குள் இருந்தவள்

அவள் டிவியை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். சோபாவில் உட்காரச் சொல்லி வீட்டுக்காரர்கள் இரண்டு முறை கேட்டாயிற்று.

கேசட் ஓடிக்கொண்டிருந்தது.

‘நிலா நிலையம்’ தொடரின் கடைசிப் பகுதி. முட்டை அட்டைகளுக்குச் சாம்பல் வண்ணம் அடித்து ஒட்டிய சுவர். கால்குலேட்டர்களை வரிசையாகப் பதித்த மேசை. அதுதான் விண்கலம். நடுவே உருக்கன் என்ற இயந்திர மனிதன். தலை, கவிழ்த்த இட்லிக் குண்டான். உடம்பு, அலுமினியத் தகடு.

முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தகட்டுக்குள் இருந்தவள் அவள்.

அது வெளியே யாருக்கும் தெரியாது.

உருக்கனாக நடிக்க வந்தவர் ஆறடி. தகரப் பட்டறைக்காரர் குண்டானுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று உடம்பையும் சிறிதாக அடித்துக் கொண்டுவந்துவிட்டார். ஆறடிக்காரரின் தோள் உள்ளே போகவில்லை. மறுநாள் படப்பிடிப்பு. ஒப்பனைக்கு உதவியாக வந்திருந்த அவளைக் கூப்பிட்டு உள்ளே விட்டுப் பார்த்தார்கள். அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது.

ஆறடிக்காரர் குரல் மட்டும் கொடுத்தார்.

பிறகு வந்த பேட்டிகளில் உள்ளே இருந்ததும் தான்தான் என்றார். போன வருஷம் இறந்துபோனார்.

இப்போது ரசிகர்கள் சிலர் பழைய பதிவுகளைத் தேடிப் பிடித்து, சுத்தம் செய்து, தொடரை இணையத்தில் ஏற்றுகிறார்கள். நடிகர் பட்டியல் வெள்ளிக்கிழமை முடிவாகிறது. உருக்கனுக்கு நேரே ஆறடிக்காரரின் பெயர். அவள் எழுதிக் கேட்டாள். ஆதாரம் இருந்தால் அனுப்புங்கள் என்று மரியாதையாகப் பதில் வந்தது.

செத்த மனுஷனிடம் போய்ப் பிடுங்க வேண்டுமா என்றாள் தங்கை.

அவள் பேருந்து நேரம் பார்த்தாள்.

ஆதாரம் ஒன்றே ஒன்று. கடைசிப் பகுதி முடிந்து ஓடிய பெயர்களில் இயக்குநர் உருக்கனுக்கு நேரே அவள் பெயரையும் போட்டிருந்தார். மூன்று நொடி. பக்கத்து வீட்டு டிவியில் அவள் கண்ணால் பார்த்தாள். டிவி நிலையத்தில் இருந்த மூல நாடாவின் மேல் அப்புறம் வேறு எதையோ பதிந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பவை வீடுகளில் பதிந்த கேசட்டுகள். மதுரையில் ஒன்று, முழுக்கப் பூஞ்சை. விருதுநகரில் ஒன்று, பாதியில் யாருடைய காதுகுத்தோ வந்தது.

இது மூன்றாவது. பாளையங்கோட்டை, செல்வின் வீடு. அவன் அப்பா பதிந்தது.

இன்று புதன்.

திரையில் உருக்கன் ஆறு அடி எடுத்து வைத்து நின்றது. திரும்பிப் பார்த்தது. மறுபடி மூன்று அடி. வெளிச்சத்துக்குள் போய் மறைந்தது.

இசை எழுந்தது. கதை, வசனம் என்று ஒரு வரி மேலே ஏறியது.

அவள் முன்னால் சாய்ந்தாள்.

திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் இரைந்தன.

செல்வின் எழுந்து வந்து கேசட்டைக் கொஞ்சம் முன்னால் ஓட்டினான். புள்ளிகள். இன்னும் கொஞ்சம். புள்ளிகள்.

“பேரு ஓட ஆரம்பிச்சா எங்கப்பா நிறுத்திருவாவக்கா. டேப்பு வீணாப் போயிரும்னு.”

தானே நிறுத்தியது போலச் சொன்னான்.

அவளுக்குப் புரிந்தது. அவர் மட்டுமல்ல. கேசட் வைத்திருந்த எல்லோரும் அங்கேதான் நிறுத்தியிருப்பார்கள். நாலாவது வீட்டிலும். ஐந்தாவது வீட்டிலும்.



அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் செல்வின் பேச ஆரம்பித்தான். பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமை ஆனால் பையன்கள் அத்தனை பேரும் உருக்கன் மாதிரிதான் நடப்பார்களாம். எழுந்து நடந்தும் காட்டினான். கையை விறைத்துக்கொண்டு, காலைத் தூக்கித் தூக்கி வைத்து.

சமையலறை வாசலில் நின்ற அவன் மனைவி ஷீலா சிரித்தாள். “பிள்ளையளே காலேஜுக்குப் போயாச்சு. இவிய இன்னும் ரோபோ மாதிரி நடக்காவ.”

அவள் சிரிக்கவில்லை. அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இடது குதிகால் தரையில படக் கூடாது தம்பி. உள்ள ஒரு ஆணி நீட்டிக்கிட்டு இருந்துச்சு.”

செல்வின் தூக்கிய காலோடு நின்றான்.

கேசட்டைப் பின்னால் ஓட்டினான். உருக்கன் நடந்தது. இடது குதிகால் எந்த அடியிலும் தரையைத் தொடவில்லை. நூறு தடவையாவது பார்த்த காட்சி. குதிகாலை அவன் பார்த்ததே இல்லை.

அவள் எழுந்தாள். கூடத்து நடுவில் இருந்த டீப்பாயைத் தானே ஓரமாகத் தள்ளினாள். செல்வினிடம், அனுப்புவதற்கு ஃபோனில் வீடியோ எடுக்கச் சொன்னாள். டிவியும் தானும் ஒன்றாகத் தெரிய வேண்டும், முகம் தெரிய வேண்டும், நடுவில் வெட்டக் கூடாது என்றாள்.

“சத்தம் வேண்டாம். அது என் குரல் இல்ல.”

செல்வின் கேசட்டை மறுபடி பின்னால் ஓட்டி, ஒலியை அடைத்தான்.

பாதம் தெரியும்படி சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். செருப்பில்லாத கால்கள். டிவிக்கு முதுகு காட்டி நின்றாள்.

கண்ணை மூடினாள். குண்டானில் இருந்தவை மிளகு அளவு இரண்டு ஓட்டைகள். அன்றும் தரை தெரிந்ததில்லை. எண்ணித்தான் நடந்தாள்.

உருக்கன் காலைத் தூக்கியதும் சொல்லுங்கள் என்றாள்.

“ம்” என்றான் செல்வின்.

இடது கால். நுனி மட்டும்.

வலது.

ஷீலா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

ஆறாவது அடியில் அவள் நின்றாள். மூச்சு ஒன்று விட்டாள்.

அவள் திரும்பினாள்.

அதற்கு அப்புறம்தான் திரையில் அது திரும்பியது.