முத்திருளாயிக்குப் புரிஞ்சுதா

“முத்திருளாயிக்குப் புரிஞ்சுதா?”

கேட்டுவிட்டு மேடம் சாக்பீஸை மேசையில் வைத்தார்.

வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

“புரிஞ்சுது மேடம்.”

புரியவில்லை என்பது மேடத்துக்குத் தெரியும். முதலாண்டு வேதியியலில் பாதிப் பேருக்குப் புரியாது. ஆனால் கமுதிப் பக்கத்திலிருந்து கோவைக்கு வந்து, தமிழ்வழிப் படிப்போடு அங்கே உட்கார்ந்திருப்பவள் இவள் ஒருத்திதான் என்று அவர் நினைத்திருந்தார்.

ஆங்கிலத்தில் அவர் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு இவள் உதடு மெல்ல விரியும். முதல் தடவை அதைக் கவனித்த அன்று அவர் அடுத்த வேடிக்கையைச் சொல்லாமல் விட்டார்.

அப்போதுதான் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களுக்கு அந்தப் பயிற்சி நடந்தது. வகுப்பில் யாரும் அந்நியமாக உணரக் கூடாது என்பதுதான் தலைப்பு. மற்றவர்கள் சான்றிதழுக்கும் சமோசாவுக்குமாக உட்கார்ந்திருந்தார்கள். இவர் ஒரு சொல் விடாமல் மனத்தில் ஏற்றிக்கொண்டார்.

பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கண்ணைப் பார்த்துக் கேளுங்கள். புரிகிற மொழியில் இன்னொரு முறை சொல்லுங்கள்.

முத்து என்று சுருக்கிக் கூப்பிடுவதை அன்றோடு விட்டார். பாடம் முடிகிற ஒவ்வொரு முறையும் முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லி, புரிஞ்சுதா என்று கேட்டார். அந்த நிதானமே பின்னால் வினையாகப் போய்விட்டது.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் பள்ளிப் புத்தகத்தை இரவல் வாங்கித் தமிழ்ச் சொற்களை உருப்போட்டார். கேட்டலிஸ்ட் என்று சொல்லிவிட்டு, அவள் பக்கம் திரும்பி, வினையூக்கி என்பார். அந்த ஒரு சொல்லில் அவள் முகம் தெளிவதைப் பார்க்க வேண்டுமே. அன்றைக்கு அவருக்குச் சாப்பாடே வேண்டியிருக்காது.

இன்னும் சில பேர் தலையைக் குனிந்து அந்தச் சொல்லை எழுதிக்கொண்டார்கள். அவர்கள் யாரும் எழுந்து நிற்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு கேன்டீனில் அது காதில் விழுந்தது.

அவர் வகுப்புப் பையன் ஒருவன் கூட்டாளியின் கையில் வடையை வைத்துவிட்டு, தலையைச் சாய்த்து, அவரைப் போலவே நிறுத்தி நிதானமாகக் கேட்டான். முத்திருளாயிக்குப் புரிஞ்சுதா? சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நல்ல பையன்தான். வினையூக்கியை எழுதிக்கொண்டவர்களில் அவனும் ஒருவன்.

அவர் டீ குடிக்காமல் திரும்பி வந்தார்.

விடுதியில் சாம்பார் ஊற்றும்போதும் அதுதானாம். பஸ்ஸில் இடம் பிடிக்கும்போதும் அதுதானாம்.

அந்த வாரமே அவள் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

“எங்கிட்ட மட்டும் கேக்காதீங்க மேடம். எல்லாரும் திரும்பிப் பாக்குறாக.”

சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பாக்குறாங்க என்று திருத்திச் சொன்னாள்.

அந்தத் திருத்தத்தை அவரால் தாங்க முடியவில்லை. நல்லது செய்கிறேன் என்று கிளம்பி, கூட்டத்தோடு கூட்டமாக அவள் ஒளிந்திருந்த கொஞ்ச இடத்தையும் பிடுங்கிவிட்டோமே என்று மனம் அடித்துக்கொண்டது. மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவள் போய்விட்டாள்.

அதன் பிறகு அவர் கேட்கவில்லை. அவள் பெயரையே எடுக்கவில்லை. தமிழ்ச் சொற்களை ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

ஆனால் கேள்வி அவர் கையை விட்டுப் போயிருந்தது. அதைக் கேட்க இப்போது அவர் தேவைப்படவில்லை.

நடுவில் கொஞ்ச நாள் அவள் வரவில்லை. ஊருக்குப் போய்விட்டாள் என்றார்கள். டி.சி. வாங்கப் போகிறாள் என்றும் பேச்சு அடிபட்டது. அவருக்குப் பாடம் நடத்தவே ஓடவில்லை.

இன்று வந்திருந்தாள்.

அவள் இருந்த பக்கம் பார்க்காமலேயே பாடத்தை முடித்தார். திரும்பி நின்று கரும்பலகையை அழித்தார். வழக்கமாக அந்தக் கேள்வி வருகிற நேரம். வகுப்பு காத்திருப்பது அவர் முதுகுக்குத் தெரிந்தது.

பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது.

முத்திருளாயி தானாகவே எழுந்து நின்றிருந்தாள். இல்லாத புடவை மடிப்பைத் தோளில் சரிசெய்தாள். அது மேடம் செய்வது. தலையைச் சாய்த்தாள். அதுவும் மேடம் செய்வதுதான்.

“முத்திருளாயிக்குப் புரிஞ்சுதா?”

அச்சு அசல் அவர் குரல்.

பிறகு தலையைக் குனிந்து, குரலைத் தாழ்த்தி, தன்னையே நடித்துக் காட்டினாள்.

“புரிஞ்சுது மேடம்.”

வகுப்பு வெடித்தது. பெஞ்சைத் தட்டினார்கள். விசிலடித்தார்கள். கேன்டீன் பையன் எழுந்து நின்று கைதட்டினான். பக்கத்தில் இருந்த பெண் இத்தனை நாளும் நடுவில் பையை வைத்துவிட்டு உட்கார்ந்தவள். அவள் முத்திருளாயியின் தோளில் கைபோட்டு இழுத்து அணைத்துக்கொண்டாள்.

முத்திருளாயியும் சிரித்தாள். சிரித்தபடியே ஒரு நொடி அவரைப் பார்த்தாள்.

அவருக்கு அழுகை முட்டியது. வகுப்பையே உண்டு இல்லை என்று ஆக்கிவிடத் தோன்றியது. வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

திட்டினால் இந்தச் சிரிப்பு நின்றுவிடும். எல்லோரும் மறுபடியும் அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். தோளில் கிடக்கிற அந்தக் கை இறங்கிவிடும்.

அந்த ஒரு கையை அவரால் இத்தனை நாளில் அவளுக்கு வாங்கித் தர முடியவில்லை.

அவர் சிரிக்க ஆரம்பித்தார்.