மாறமாட்டம், மேடம்!

“மாறமாட்டம், மேடம்! முகாம் கேட்டாத்தான் களஞ்சியத்தால சாமான் போகும். எத்தினையோ வருசமா இதுதான் எங்கட வழக்கம்!” உதயரூபன் மேசையில் ஓங்கி அடித்தார்.

படைகளுக்குச் சாமான் வழங்கும் பெரிய நிறுவனத்தின் புதுப் பணிப்பாளர் தக்ஷாயினிக்குச் சூடேறியது. “வெள்ளம் வந்தா, அவங்க கேட்டு, மேலிடம் சம்மதிச்சு, லொறி வெளிக்கிடுறதுக்குள்ள வெள்ளமே வடிஞ்சிரும். இனி எங்க குறையுதெண்டு நாங்களே பார்த்து அனுப்புவம்!”

“பிழைச்சா ஆர் பொறுப்பு?”

“நான்! முதல்ல ஒரு களஞ்சியத்தில செஞ்சு பாப்பம். சரிவராட்டி பழையபடி விடுறன்.”

உதயரூபன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு துள்ளி எழுந்தார்.

“ஒத்திகையில வெண்டிட்டாய் புள்ள! நாளைக்குக் கொழும்புக் கூட்டத்திலயும் இப்படியே சொல்லு. ஒரு அதிகாரியும் வாய் திறக்கமாட்டான்!”

தக்ஷாயினி விழுந்து விழுந்து சிரித்தாள். “வாவியில மீன் பிடிக்கிற உங்களுக்கு அவங்கட பேச்சு அச்சொட்டா எப்பிடி வருது?”

“தோணியில ஐஸ்பெட்டி ஏத்தச் சொல்லி முந்தி நீ மீன்பிடி அதிகாரியா ஆரையம்பதி மீனவர் சங்கத்தில வந்து பேசினப்ப, நான் எழும்பிக் கத்தினது இதுதானே! இண்டைக்குப் பெட்டி இல்லாமத் தோணியில ஏறுவனா?”